எலுமிச்சம்பழம் வாடாமல் இருக்க மேல்பூச்சு



போளூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், மேலே ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கமும், கிணற்றுத் தண்ணீரை நம்பி எலுமிச்சை வைத்திருக்கிற அன்பர்களுக்காக இன்றைக்குப் பேசுகிறேன். கொல்லை ஓரத்தில் பத்து மரம் வைத்திருப்பவரும் இதைக் கேட்கலாம், ஓர் ஏக்கர் தோப்பாகவே வைத்திருப்பவரும் கேட்கலாம். விஷயம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

எலுமிச்சைக்காரர் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாதது இல்லை. காய் குவிகிற நாளில் மண்டிக்காரர் சொல்வதுதான் விலை. காய் இல்லாத கோடையில் விலை ஏறி நிற்கும். 2022 ஏப்ரலில் நாடு முழுக்க எலுமிச்சை விலை கிலோ 200 ரூபாயையும் தாண்டிப் போனது, ஞாபகம் இருக்கும். அப்போது பல பேர் மனதில் ஓடின எண்ணம், "நாலு மூட்டை கையிருப்பு வைத்திருந்தால் எப்படி இருக்கும்" என்பதுதான். அதே எண்ணத்தோடுதான் இப்போது, "பழத்துக்கு மேலே ஏதோ பூச்சு பூசினால் கெடாமல் இருக்குமாமே, அது நிஜமா?" என்று கேட்கிறார்கள்.

நிஜம்தான். ஆனால் எவ்வளவு நாளைக்கு, எந்தப் பழத்துக்கு, யாருக்குக் கட்டுபடியாகும் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாதியைக் கேட்டுவிட்டுப் பூசினால் பூச்சுக்குப் போட்ட காசும் போகும், பழமும் போகும்.

பறித்த பிறகு பழத்துக்கு என்ன ஆகிறது?

மா, வாழை, சப்போட்டா எல்லாம் பறித்த பிறகும் பழுக்கிற ஜாதி. எலுமிச்சை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு, நார்த்தை ஆகியவை அப்படி இல்லை. பறித்த அன்றைக்கு என்ன சாறு இருந்ததோ அதுதான். பச்சை மஞ்சளாக மாறும், அவ்வளவுதான். புதிதாக எதுவும் கூடாது, இருப்பது குறையும்.

மரத்தில் இருக்கிறவரை, தோல் வழியாக ஆவியாகிற தண்ணீரை வேர் ஈடுகட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். காம்பை அறுத்த நிமிஷத்தில் அந்த வரவு நின்றுபோகிறது. செலவு மட்டும் நடக்கிறது. நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில், அனல் காற்று அடிக்கிற கொட்டகையில் சாக்கு மூட்டையாகப் போட்டு வைத்தால் கேட்கவே வேண்டாம். எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே பளபளப்பு போய்விடும். விரலால் அழுத்தினால் தொய்வு தெரியும். பிறகு தோல் சுருங்கி, கெட்டியாகி, உள்ளே சாறு இருந்தாலும் வெளியே பார்க்கிறவர் "சுண்டிப்போன பழம்" என்று ஒதுக்கிவிடுவார். சில்லறைக் கடையில் எண்ணிக்கைக்கு விற்பவருக்கு எடை போனால் தெரியாது, அழகு போனால்தான் நஷ்டம். மண்டியில் கிலோவுக்குப் போடுகிற நமக்கு இரண்டுமே நஷ்டம்.

இந்தத் தண்ணீர்ச் செலவைக் குறைக்க மரமே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. எலுமிச்சைத் தோலின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் ஒன்று இருக்கிறது. பழத்தைத் துணியில் துடைத்தால் மினுமினுக்கிறதே, அது இந்த மெழுகுதான். மண், புகைக்கரி, பூச்சி எச்சம் போகட்டும் என்று நாம் தேய்த்துக் கழுவும்போது இந்தப் படலமும் கொஞ்சம் கழன்று போகிறது. ஆகவே கழுவின பழம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கழுவாத பழத்தைவிடச் சீக்கிரம் வாடும். கழன்றுபோன படலத்துக்குப் பதிலாக இன்னொரு படலத்தை நாமே போடுவதுதான் மேல்பூச்சு.

பழத்துக்கு மூச்சும் உண்டு. பறித்த பிறகும் அது காற்றை இழுத்து வெளியே விடுகிறது. பூச்சு அந்த மூச்சையும் கொஞ்சம் மெதுவாக்கும். மூச்சு மெதுவானால் பழம் மூப்படைவதும் மெதுவாகும், பச்சை மஞ்சளாவது தள்ளிப்போகும். ஆனால் அடைத்துவிடக் கூடாது. பூச்சு கனமாகப் போனால் பழத்துக்கு மூச்சு முட்டும். உள்ளுக்குள்ளேயே புளித்துக் கள் வாடை அடிக்க ஆரம்பிக்கும். வெளியே பார்த்தால் பளிச்சென்று இருக்கும், அறுத்து மோந்து பார்த்தால் குட்டு வெளிப்படும். பூச்சு எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நல்லது என்பதற்குக் காரணம் இதுதான்.

புது வித்தை இல்லை

பழத்துக்கு மெழுகு பூசுவது நேற்று வந்த சங்கதி இல்லை. சீன தேசத்தில் 12-ஆம் நூற்றாண்டிலேயே ஆரஞ்சுக்கும் எலுமிச்சைக்கும் மெழுகு பூசித் தொலைதூரம் அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். அமெரிக்காவில் 1920-களில் ஆரஞ்சுப் பழத்துக்கு இது வியாபார முறையாகவே ஆகிவிட்டது. நம் நாட்டில் மைசூரில் 1950-ல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 'வாக்ஸால்' என்ற பெயரில் பழத்துக்கான மெழுகுப் பூச்சு ஒன்றை உருவாக்கினார்கள். நாக்பூர் ஆரஞ்சை இயந்திரத்தில் கழுவி, உலர்த்தி, மெழுகு தெளித்துப் பெட்டியில் அடுக்கும் நிலையங்கள் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பட்டணத்துக் கடைகளில் மினுமினுவென்று அடுக்கி வைத்திருக்கிற ஆரஞ்சுகள் பெரும்பாலும் இப்படி மெழுகு பூசியவையே.

"மெழுகைத் தின்னலாமா?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். எந்த மெழுகு என்பதைப் பொறுத்தது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள், 2011, பழத்தின் மேல் பூச மூன்று மெழுகுகளை அனுமதிக்கின்றன. ஒன்று தேன்மெழுகு. அடுத்தது கார்னோபா மெழுகு. பிரேசில் நாட்டில் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. மூன்றாவது அரக்கு மெழுகு. ராஞ்சிப் பக்கத்துக் காடுகளில் அரக்குப் பூச்சி மரக்கிளையில் கட்டுகிற கூட்டிலிருந்து கிடைப்பது. இவற்றைப் பூசினால் இன்ன மெழுகு பூசியது என்று பெட்டியின் மேல் எழுத வேண்டும் என்பதும் விதி. மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த கனிம எண்ணெயும், சாயமும் பூசுவது குற்றம். மெழுகுவத்தியை உருக்கிப் பூசுவது, வாஸ்லின் தடவுவது, பச்சை நிறம் வர ஏதாவது சாயத்தில் முக்குவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

தேன்மெழுகு என்றதும் மலையில் இருக்கிற நம் அன்பர்கள் காதைத் தீட்டியிருப்பார்கள். ஜவ்வாது மலைத் தேனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தேனைப் பிழிந்த பிறகு நிற்கிற அடையை வெந்நீரில் உருக்கி, துணியில் வடித்து, ஆறவைத்தால் மேலே கட்டியாக மிதக்கிறதே, அதுதான் தேன்மெழுகு. அதை வீணாக்காமல் விற்றுக் காசாக்குங்கள். ஆனால் அதை உருக்கி அப்படியே எலுமிச்சையில் பூசிப் பார்க்கலாமே என்று நினைக்காதீர்கள். அது 60 டிகிரிக்கு மேல்தான் உருகும். அந்தச் சூட்டில் தோல் வெந்துபோகும், ஆறினால் பாளம் பாளமாக நிற்கும். தண்ணீரோடு பால் மாதிரிக் கலந்து தொழிற்சாலையில் செய்து கொடுத்தால்தான் அது பழத்துக்கு ஏற்றபடி மெல்லிசாகப் படியும். இதற்கு மெழுகுப் பால்மம் என்று பெயர். நாம் சுருக்கமாக மெழுகுப் பால் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பறிப்பைச் சரிசெய்யுங்கள்

பூச்சு மருந்து இல்லை. காயம் பட்ட பழத்தை அது குணப்படுத்தாது. எலுமிச்சை வகைப் பழங்களை அழிக்கிற பெரிய எதிரி பச்சைப் பூசணம். அது நல்ல தோலைத் துளைத்துக்கொண்டு போகாது. முள் கீறின இடம், நகம் பட்ட இடம், காம்போடு பிய்ந்த இடம், கீழே விழுந்து நசுங்கின இடம், இவைதான் அதற்கு வாசல். முதலில் வெள்ளையாக ஒரு திட்டு, பிறகு நடுவில் பச்சைப் பொடி. அந்தப் பொடி ஒவ்வொன்றும் ஒரு விதை மாதிரி. பூசணம் பிடித்த பழத்தை அறைக்குள்ளே தட்டி உதறினால் அறை முழுக்க விதை விதைத்த மாதிரி ஆகும்.

கழியால் அடித்து உலுக்கிப் பொறுக்கின பழத்துக்குப் பூச்சு பூசுவது வீண் செலவு. அதை அன்றைக்கே விற்றுவிடுங்கள், அல்லது ஊறுகாய்க்குக் கொடுத்துவிடுங்கள். நாள் தாங்க வேண்டிய பழத்தைக் கையால் பிடித்து, சின்னக் கத்தரிக்கோலால் காம்பை ஒட்ட நறுக்க வேண்டும். அந்தக் காம்புத் துண்டு நீளமாக நின்றால் கூடையில் பக்கத்துப் பழத்தைக் குத்தும். இழுத்துப் பிய்த்தாலோ அந்த இடத்தில் குழி விழும், பூசணம் அதன் வழியாகவே நுழையும்.

விடியற்காலையில் பனி ஈரத்தோடு பறிக்கிற பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. சந்தைக்குப் போகிற அவசரம், வேறென்ன. ஆனால் அந்த நேரத்தில் தோல் தண்ணீர் நிறைந்து விறைப்பாக இருக்கும். லேசாக அழுத்தினாலே தோலில் இருக்கிற எண்ணெய்ப் பைகள் உடையும். அந்த எண்ணெய் பக்கத்துத் தோலையே சுட்டுவிடும். இரண்டு மூன்று நாளில் பழுப்புக் கறையாகத் தெரியும். மழை பெய்த மறுநாளும், தண்ணீர் கட்டின மறுநாளும் இதே கதைதான். பனி உலர்ந்த பிறகு பறியுங்கள். முழு மஞ்சளாகிவிட்ட பழத்தைக் கடைக்கு அனுப்பிவிட்டு, பச்சை மாறி இளமஞ்சள் ஓடத் தொடங்கின பழத்தைத்தான் வைத்திருக்க வேண்டும்.

பறித்ததும் வெயிலில் போட வேண்டாம். நிழலில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழியுங்கள். இந்த வேலையில் பெண்களின் கண்ணுக்கு ஈடு கிடையாது. பிறகு நல்ல தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். பூசணத் தொல்லை அதிகமாக இருக்கிற தோப்பு என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 200 முதல் 300 கிராம் சமையல் சோடா போட்டு, அதில் இரண்டு நிமிஷம் போட்டு எடுத்து, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசலாம். முற்றிலும் தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் குறைக்கும். அலசின பழம் ஈரம் சுத்தமாக உலர வேண்டும். காம்புக் குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் அதன்மேல் பூச்சு போட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டின மாதிரிதான்.

மெழுகுப் பால் பூசும் முறை

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் எலுமிச்சைக்குச் சொல்லியிருப்பது இது: 4 சதவீத மெழுகுப் பாலில் முக்கி எடுத்து, 1 சதவீதம் காற்றோட்டத் துளை போட்ட 200 கேஜ் பாலித்தீன் பையில் வைத்தால் பத்து நாளுக்கு மேல் பழம் நன்றாக இருக்கும்.

4 சதவீதம் என்றால் எப்படி? வாங்குகிற டப்பாவில் மெழுகு 12 சதவீதம் என்று போட்டிருந்தால், ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர். டப்பாவில் தண்ணீர் சேர்க்கக் கூடாது என்று எழுதியிருந்தால் சேர்க்காதீர்கள், அது வேறு வகை. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் பல இடத்தில் உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர். அதை ஊற்றினால் மோர் பட்ட பால் மாதிரி மெழுகு திரிந்துபோகலாம். மழைத் தண்ணீரோ, நல்ல குடிதண்ணீரோ பார்த்து ஊற்றுங்கள். முதலில் ஒரு டம்ளரில் கலந்து கால் மணி நேரம் வைத்துப் பார்த்தால் திரிகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பழத்தை மூங்கில் கூடையிலோ துளையுள்ள பிளாஸ்டிக் கூடையிலோ எடுத்து, அரை நிமிஷம் முக்கித் தூக்கி, சொட்டுச் சொட்டாக வடியவிட்டு, கம்பி வலை மேலோ சுத்தமான சாக்கு மேலோ ஒற்றை வரிசையாகப் பரப்பி, நிழல் காற்றில் உலரவிடுங்கள். மின்விசிறி இருந்தால் சுழலவிடலாம். வெயில் கூடாது. தொட்டால் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் அடுக்க வேண்டும். பெரிய நிலையங்களில் இயந்திரம் வைத்துத் தெளிக்கிறபோது ஒரு டன் பழத்துக்குச் சுமார் ஒரு லிட்டர் மெழுகுப் பால் போதும். நாம் முக்கி எடுக்கும்போது அதைவிடக் கூடுதலாகத்தான் செலவாகும்.

வாங்கும்போது லேபிளைப் படித்துப் பாருங்கள், படிக்கிற பிள்ளைகளிடம் கொடுத்தாவது படிக்கச் சொல்லுங்கள். உணவுக்கு உகந்தது என்ற குறிப்பும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்க வேண்டும். சில மெழுகுகளில் பூசண மருந்தும் கலந்திருப்பார்கள். அது தோலை உரித்துத் தின்கிற ஆரஞ்சுக்காக வெளிநாடுகளில் செய்வது. எலுமிச்சையை நாம் தோலோடு ஊறுகாய் போடுகிறவர்கள். மருந்து கலந்ததை வாங்க வேண்டாம். அதோடு, ஊறுகாய் போடக் கேட்டு வருகிறவர்களுக்கு மெழுகு பூசாத பழத்தையே கொடுப்பதுதான் நியாயம்.

200 கேஜ் பை என்றால் 50 மைக்ரான் கனம். 1 சதவீதத் துளை என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 30 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம் உள்ள பைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 40 துளை. ஆபீசில் காகிதத்துக்குத் துளை போடுகிற கருவி இருக்கிறதே, அதில் விழுகிற துளை அளவு போதும். துளை இல்லாத பையில் போட்டால் உள்ளே வியர்த்துக் கொட்டிப் பழம் அழுகும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கடைகளில் பாலித்தீன் பை கொடுப்பதற்குத் தடை இருக்கிறது. ஆகவே இந்தப் பையை வீட்டு இருப்புக்கு மட்டும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். சந்தைக்குக் கூடையில் கொண்டுபோங்கள்.

தேங்காய் எண்ணெய்

மெழுகுப் பாலைத் தேடிப் பட்டணம் போக முடியாதவர்களுக்கு வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ஜபல்பூர் ஜவஹர்லால் நேரு வேளாண் பல்கலைக்கழகத்தார் நம் எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த காக்ஜி எலுமிச்சையில் பலவிதமான எண்ணெய்ப் பூச்சுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆய்வு 2012-ல் வெளிவந்தது. முதலில் வந்தது தேங்காய் எண்ணெய். 18 நாள் கழித்துப் பார்த்தபோது நூற்றுக்கு 70 பழம் விற்கிற நிலையில் இருந்தது. எடைக் குறைவு நூற்றுக்குப் பத்துக்கு உள்ளேதான். பூசணமும் பிடிக்கவில்லை.

பூசுவதும் சுலபம். உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொண்டு, பழத்தை இரண்டு கைக்கும் நடுவில் உருட்ட வேண்டும். காம்புப் பக்கமும் படட்டும். பிறகு உலர்ந்த பருத்தித் துணியால் மிச்ச எண்ணெயை ஒற்றி எடுத்துவிடுங்கள். பழம் கையில் வழுக்கினால் எண்ணெய் அதிகம் என்று அர்த்தம். வாசனை சேர்த்த தலை எண்ணெய் ஆகாது, சமையலுக்குப் போடுகிற சுத்தமான எண்ணெய்தான் வேண்டும். மலையில் மார்கழி, தை மாதக் குளிரில் எண்ணெய் உறைந்து நிற்கும், லேசாக வெதுப்பிக்கொள்ளுங்கள்.

"நம்மகிட்டே மல்லாட்டை எண்ணெய்தானே இருக்கு, அதைத் தடவினால் என்ன?" என்று கேட்கலாம். தடவினால் தண்ணீர்ச் செலவு குறையும்தான். ஆனால் மல்லாட்டை எண்ணெய் காற்றுப் பட்டால் தேங்காய் எண்ணெயைவிடச் சீக்கிரம் சிக்கு வாடை எடுக்கும். பழத்தை முகர்ந்து பார்த்து வாங்குகிறவர்கள் நம்ம ஜனங்கள்.

சோற்றுக்கற்றாழைச் சாறு, மாவுக்கஞ்சி, இறால் ஓட்டிலிருந்து எடுக்கிற பொருள் என்று வேறு பூச்சுகளையும் பல்கலைக்கழகங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். கற்றாழையும் கஞ்சியும் தண்ணீரை இழுக்கிற சரக்கு. மூச்சை மெதுவாக்கும், ஆனால் தண்ணீர் ஆவியாவதை மெழுகும் எண்ணெயும் தடுக்கிற அளவுக்குத் தடுக்காது. நம் ஊர் வறண்ட காற்றுக்கு மெழுகோ எண்ணெயோதான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

காத்திருப்பதற்கு முன் கணக்குப் போடுங்கள்

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம். நூற்றுக்கு 70 பழம் தேறியது என்றால் 30 பழம் தேறவில்லை என்றும் அர்த்தம். தேறின பழத்திலும் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. நீங்கள் 100 கிலோ வைத்தால் 18 நாள் கழித்துத் தராசில் நிற்பது சுமார் 63 கிலோ. பேச்சுக்கு இன்றைக்குக் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றே போட்டால் 4,000 ரூபாய். 18 நாள் கழித்து அதே 4,000 வர வேண்டுமானால் கிலோ 64 ரூபாய்க்குப் போக வேண்டும். எண்ணெய்ச் செலவும் கூலியும் இதில் சேரவில்லை. ஆகவே விலை ஒன்றரைப் பங்குக்கும் மேலே ஏறும் என்ற நிச்சயம் இல்லாமல் 18 நாள் வைத்திருப்பது சூதாட்டம்தான். கார்த்திகையில் குவிகிற பழத்தைப் பூச்சு பூசிப் பங்குனி வரைக்கும் வைத்து 200 ரூபாய்க்கு விற்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூச்சு கொடுப்பது நாள் கணக்கு, மாதக் கணக்கு கிடையாது.

அப்படியானால் யாருக்குப் பயன்? வாரத்துக்கு இருபது, முப்பது கிலோ மட்டும் பறிக்கிற சிறு விவசாயிக்குத்தான் அதிகப் பயன். அந்த இருபது கிலோவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் உள்ளூர்க் கடையில் கேட்ட விலைக்குப் போடுவதைவிட, இரண்டு பறிப்பைச் சேர்த்து, பக்கத்துக் கொல்லைக்காரர் நாலு பேரோடு ஒரு வண்டியாக வேலூருக்கோ கோயம்பேட்டுக்கோ அனுப்ப ஏழெட்டு நாள் தாங்கினால் போதும். ஆடி வெள்ளிக்கு அம்மனுக்கு எலுமிச்சை மாலை கட்டுகிற நாளில் விலை கொஞ்சம் நிமிரும். அதற்கு முந்தின வாரம் பறித்ததைத் தாங்கவைக்கலாம். மலையில் மழைக்காலத்தில் பாதை அடைபட்டு வண்டி வராத நாளுக்கும் இது உதவும். பறித்த அன்றே போளூர்ச் சந்தையில் விற்றுவிடுகிறவருக்குப் பூச்சு தேவையே இல்லை.

வைக்கிற இடமும் குளிர்ச்சியாக இருந்தால் நாள் கூடும். டில்லி பூசா நிலையத்தார் 1980-களில் பரப்பின, மின்சாரம் வேண்டாத குளிர்ப் பெட்டி இதற்கு நல்ல துணை. நிழலில் 165 சென்டிமீட்டர் நீளம், 115 சென்டிமீட்டர் அகலத்துக்குச் செங்கல் தளம் போட்டு, அதன்மேல் 67 சென்டிமீட்டர் உயரத்துக்கு இரட்டைச் சுவர் எழுப்ப வேண்டும். இரண்டு சுவருக்கும் நடுவே மூன்று அங்குல இடைவெளி விட்டு அதில் ஆற்று மணலை நிரப்புங்கள். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளித்து நனைத்து, மேலே மூங்கில் தட்டியும் வைக்கோலும் போட்டு மூடி, அதையும் நனைத்துவிடுங்கள். வெளியே அனல் அடிக்கிற கோடையில் உள்ளே 10 டிகிரிக்கு மேல் குறைந்திருக்கும், ஈரப்பதமும் நன்றாக நிற்கும். சுமார் 100 கிலோ வைக்கலாம். மழைக்காலத்தில் இதற்கு வேலை இல்லை. இரண்டு நாளுக்கு ஒரு தடவை திறந்து, கெட்ட பழம் இருந்தால் ஒரு பையில் மூடி எடுத்துவந்து வெளியே புதைத்துவிடுங்கள்.

வீட்டுக் குளிர்பெட்டியிலோ குளிர்பதனக் கிடங்கிலோ வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலுமிச்சை வெப்ப நாட்டுப் பழம். 10 டிகிரிக்குக் கீழே பல நாள் வைத்தால் தோலில் சின்னச் சின்னக் குழியாக விழுந்து பழுப்பாகும்.

மொத்தத்துக்கும் பூசுவதற்கு முன்னால் சின்னதாக ஒரு பரீட்சை செய்து பாருங்கள். ஒரே நாளில் பறித்த, ஒரே பருமனான பழம் நூறு எடுத்து, ஐம்பதுக்குப் பூசுங்கள், ஐம்பதை அப்படியே விடுங்கள். இரண்டையும் தனித்தனிக் கூடையில் ஒரே அறையில் வைத்து, முதல் நாள், ஐந்தாம் நாள், பத்தாம் நாள் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். கெட்டதை எண்ணி எழுதுங்கள். பத்தாம் நாள் ஒவ்வொரு கூடையிலும் ஐந்து பழத்தை அறுத்துப் பிழிந்து, சாற்றை அளந்து, வாடையும் பாருங்கள். அந்த நோட்டையும் அன்றைய மண்டி விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் கொல்லைக்கு, உங்கள் கொட்டகைக்கு எத்தனை நாள் லாபம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எலுமிச்சையைப் பற்றி மேலும் விவரம் வேண்டுவோர் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரைக் கேளுங்கள். கீழ்நெல்லியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்வரலாம். தெற்கே வன்னிக்கோனேந்தலில் எலுமிச்சைக்கென்றே பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கேயும் எழுதிக் கேட்கலாம். போகிறவர்கள் பரீட்சை எழுதின நோட்டையும், கெட்டுப்போன பழம் நாலைந்தைத் தனிப் பையிலும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.